காட்டெருதின் பெயர் கொண்ட வண்டு

செப்டம்பர் 28: தரங்கம்பாடி

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் ஒன்று எங்கள் பஸ்ஸில் ஏறியது. கழுத்து மாலையைக்கூடக் கழற்றாத பெரியவர் முன் இருக்கையில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு லட்டு எடுத்துக் கயலிடம் கொடுத்தார். "எந்தக் கோயிலுக்கம்மா போகிறீர்கள்?" என்று கேட்டார். "கோயிலுக்கு இல்லை ஐயா, சாண வண்டு பார்க்கப் போகிறோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொம்பு வைத்ததா, வைக்காததா?" என்றார். இந்தப் பயணத்தைப் பற்றி நான் சொன்ன எத்தனையோ பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கொம்பு வைத்ததைத்தான் தேடிப் போனோம். போன ஆண்டு ஐப்பசி மழையில் திருச்சி வீட்டுத் திண்ணை விளக்கில் ஒரு வண்டு வந்து விழுந்தது. வைக்கோல் நிறம். தலையில் இரண்டு வளைந்த கொம்புகள். என் அண்ணன் மகள் கயல் அதை உள்ளங்கையில் எடுத்துவந்து, "இதன் பெயர் என்ன அத்தை?" என்று கேட்டாள். சாண வண்டு என்றேன். "அது கூட்டத்துக்குப் பெயர். இதற்கென்று ஒரு பெயர் இருக்குமே?" என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். பதிமூன்று வயதுப் பெண்ணின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பதிலைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. கில்பர்ட் ஆரோ 1931-ல் இந்தியச் சாண வண்டுகளைப் பற்றி எழுதிய தடித்த நூலை வரி வரியாகப் படித்து, நான் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். போனாசஸ் என்ற பெயரில் வந்து நின்றது. அந்தப் பெயரை 1775-ல் வைத்தவர் டென்மார்க்கின் யோஹான் கிறிஸ்டியான் ஃபாப்ரிசியுஸ். அவர் நூல்களைப் புரட்டினால் பூச்சிகளின் இருப்பிடமாகத் திரும்பத் திரும்ப ஒரு சொல் கண்ணில் படும்: டிராங்கேபார். நம் தரங்கம்பாடிதான். தரங்கம்பாடிக் கரையில் நின்று அந்த வண்டைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். காலாண்டு விடுமுறை வந்ததும் கிளம்பினோம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்கரைத் தெருவில் ஒரு சிறிய விடுதி, அறை 1,200 ரூபாய். மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றியது, ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல். சாப்பாட்டுக்குச் சங்கரா மீன் குழம்பு. சோறு, ரசம், ஒரு துண்டு வறுவல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 140 ரூபாய். பரிமாறிய பெண் கயலின் இலையில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றி, "சின்னப் பிள்ளை, நன்றாகச் சாப்பிட வேண்டும்" என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

நான்கு மணிக்கு மேல் மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்துப் புல்வெளிக்குப் போனோம். இரண்டு பசுக்களும் ஒரு கன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர் எழுபது வயது இருக்கக்கூடிய அம்மா ஒருவர். சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடு கண்ணு. காலையில் வறட்டி தட்ட வேண்டும்" என்றார். காரணம் எதுவும் கேட்கவில்லை.

மேல் ஓடு காய்ந்து, உள்ளே ஈரம் இருந்த சாணம். குச்சியால் ஓட்டைத் தூக்கியதும் ஐந்தாறு வண்டுகள் சிதறின. நீண்ட உடல், கருமைக்குள் ஒரு பச்சை மினுக்கு, சிறகுறையின் ஓரத்தைச் சுற்றிலும் மஞ்சள் கரை. கறுப்புப் புடவைக்கு மஞ்சள் பார்டர் போட்டதுபோல. கொம்பு இல்லை. இதற்கும் பெயர் வைத்தவர் ஃபாப்ரிசியுஸ்தான், ஆண்டும் அதே 1775: ஓனிட்டிசெல்லஸ் சின்க்டஸ். சின்க்டஸ் என்றால் இடுப்பில் கச்சை கட்டியது என்று பொருள். இது சாணத்தைத் தூக்கிக்கொண்டு எங்கும் போவதில்லை, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. தாய் சிறு உருண்டைகள் செய்து ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையிட்டு, அங்கேயே காவல் இருக்கும்.

தேடி வந்தது இது இல்லை. ஆனாலும் அந்த மஞ்சள் கரையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் குந்தியிருந்தோம். எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 29: தரங்கம்பாடி

காலை ஆறு மணிக்குக் கடல் அமைதியாக இருந்தது. டேன்ஸ்பர்க் கோட்டையின் மஞ்சள் சுவரைச் சுற்றி நடந்தோம். 1620-ல் டேனியர்கள் இங்கே காலூன்றினார்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் ஊரை விற்றுவிட்டுப் போனார்கள். இந்த ஊரைப் பற்றிப் பேசும் எல்லோரும் சீகன்பால்குவையும் அச்சுக்கூடத்தையும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். நான் கயலிடம் சொன்னது இன்னொருவரைப் பற்றி. யோஹான் கெர்ஹார்ட் கோனிக். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸிடம் படித்தவர், 1768-ல் மருத்துவராக இங்கே வந்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடியும் பூச்சியும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஃபாப்ரிசியுஸும் லின்னேயஸின் மாணவர்தான். கோனிக் அனுப்பியவற்றில் பல அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. ஃபாப்ரிசியுஸ் பெயரிட்ட மாதிரிகளில் பெரும்பகுதி இன்றைக்கும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் நம் மாட்டுச் சாணத்தில் புரண்ட வண்டுகள் அங்கே ஊசியில் நிற்கின்றன.

"மாசிலாமணிநாதர் கோயில் மாட்டின் சாணமாக இருக்குமோ அத்தை?" என்று கேட்டாள் கயல். இருக்கலாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. தெரியாததைச் சொல்லக்கூடாது என்பதால் சொல்லவில்லை.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தவர்கள் இந்தச் சிறு வண்டுகளுக்குப் பெயர் வைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். போனாசஸ் என்றால் ஐரோப்பியக் காட்டெருது. செர்வஸ் என்றால் கலைமான். டாமா இன்னொரு வகை மான். கசெல்லா சிறுமான். டாரஸ் என்றால் காளை. எல்லாம் அரை அங்குலத்தை ஒட்டிய உயிர்கள்! லென்ஸ் வழியாக அந்தக் கொம்பைப் பார்த்தவர் கண்ணுக்கு ஒரு மந்தையே தெரிந்திருக்கிறது. மாடு போட்ட சாணத்தில் இன்னொரு மாட்டு மந்தை.

பகல் முழுவதும் புழுக்கம். இளநீர் ஐம்பது ரூபாய். மாலை ஐந்தரைக்கு மேற்கே கறுத்து, ஆறே காலுக்கு இடியோடு மழை கொட்டியது. என் குடை முதல் காற்றிலேயே கம்பி முறிந்து மடங்கிவிட்டது. ஏழு மணிக்கு ஊர் முழுவதும் மின்சாரம் நின்றது. விடுதியின் குழல்விளக்கை நம்பித்தான் இந்த இரவைத் திட்டமிட்டிருந்தேன், அதனால் மனம் சோர்ந்துவிட்டது. விடுதிப் பையன் தானாகவே ஒரு பேட்டரி விளக்கு கொண்டுவந்து, "வண்டுக்குத்தானே அக்கா? எட்டு மணி வரை வைத்துக்கொள்ளுங்கள்" என்றான். பின்கட்டுச் சுவரில் என் வெள்ளைத் துண்டை விரித்து, அதன் முன்னால் விளக்கை வைத்தோம்.

ஊர் முழுக்க இருட்டு, எங்கள் சுவரில் மட்டும் வெளிச்சம். மின்சாரம் போனதும் நல்லதாகவே முடிந்தது. மழை ஓய்ந்த கால் மணி நேரத்தில் ஈசல், தத்துப்பூச்சி, பச்சை நிறத்தில் ஏதேதோ என்று துண்டு நிறைந்துவிட்டது. ஏழே முக்காலுக்கு 'டப்' என்று சுவரில் மோதி ஒன்று கீழே விழுந்தது. கயல்தான் பார்த்தாள். கத்தவில்லை, என் கையை இறுகப் பிடித்தாள்.

வைக்கோல் நிறம், இரண்டு கொம்பு. அதுதான்.

பிளாஸ்டிக் அளவுகோலில் 13 மில்லிமீட்டர், சிறிய புளியங்கொட்டை அளவு. சிறகுறைகள் உலர்ந்த வைக்கோல்போல வெளிர் மஞ்சள், நெடுக மெல்லிய கோடுகள். மார்புக் கவசமும் மஞ்சள்தான், ஆனால் அதன் நடுவில் ஒரு கருந்திட்டு. விளக்கைச் சாய்த்தால் அந்தத் திட்டில் செம்பும் பச்சையும் கலந்த மினுக்கு ஓடுகிறது. தலையின் பின்பக்கத்திலிருந்து இரண்டு கொம்புகள் வெளிப்புறமாகக் கிளம்பி, மேலே போய் உள்பக்கம் வளைகின்றன, பொங்கலுக்கு வர்ணம் பூசக் காத்திருக்கும் காளைக் கொம்பின் வளைவு அப்படியே.

அதன் பிறகு அடையாளம் பார்க்கும் வேலை. இதைப் படிக்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உணர்கொம்பு. தலையில் நிற்கும் பெரிய கொம்பு வேறு, இது வேறு. கண்ணுக்குப் பக்கத்தில் மயிரிழைபோல நீண்டு, நுனியில் குமிழாக முடிகிறது. அந்தக் குமிழ் உண்மையில் மூன்று ஏடுகள். வண்டு மணம் பிடிக்கும்போது ஓலைச்சுவடியைப் பிரிப்பதுபோல மூன்றும் விரிகின்றன, வேலை முடிந்ததும் மூடிக்கொள்கின்றன. நுனியில் இப்படி ஏடு வைத்த வண்டு என்றால் அது ஸ்காரப் கூட்டம். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் நிலக்கடலை வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவின் தாய் வண்டும் இந்தச் சாண வண்டும் ஒரே ஸ்காரபேயிடே குடும்பத்து உறவினர்கள். உலகத்தில் முப்பதாயிரத்தை ஒட்டிய இனங்கள் உள்ள குடும்பம் அது.

அடுத்தது வாய். மேலிருந்து பார்த்தால் வாயே தெரியாது. மண்வெட்டித் தகடுபோல நெற்றி முன்னால் நீண்டு வாயை மூடியிருக்கிறது. வளர்ந்த வண்டுக்குக் கடிக்கிற தாடை கிடையாது. தாடை மென்தோலாகிவிட்டது. சாணத்தின் சாற்றில் மிதக்கும் நுண்துகள்களை வடிகட்டிக் குடிப்பதுதான் அதன் சாப்பாடு. பின்னங்காலின் நுனியில் ஒரே ஒரு முள். சாணத்திலேயே வாழும் இன்னொரு கூட்டமான அஃபோடியினேவுக்கு அங்கே இரண்டு முள் இருக்கும். ஒன்று என்பதால் ஸ்காரபேயினே துணைக்குடும்பம். பிறகு சிறகுறைகள் இரண்டும் மார்போடு சேரும் இடம். பல வண்டுகளுக்கு அங்கே ஒரு சிறு முக்கோணம் தெரியும். நேற்றுப் பார்த்த மஞ்சள் கரைக்காரனுக்கு அது குட்டியாக இருந்தது. இதற்கு அறவே தெரியவில்லை. அதனால் ஆன்தோஃபேகஸ் வட்டாரம்.

ஆன்தோஃபேகஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சாணம் தின்னி என்று பொருள். 1802-ல் லாட்ரேய் என்ற பூச்சியியலாளர் அந்தப் பேரினத்தை, அதாவது ஒட்டிய இனங்களின் தொகுப்பை, உண்டாக்கினார். இன்று அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். விலங்குலகில் இவ்வளவு பெரிய பேரினங்கள் மிகச் சிலவே. 1959-ல் பால்தசார் அதற்குள் டிஜிடான்தோஃபேகஸ் என்று ஒரு பிரிவைப் பிரித்தார். பின்னால் அதுவே தனிப் பேரினமாகிவிட்டது. நம் வண்டு இப்போது அங்கேதான் இருக்கிறது: டிஜிடான்தோஃபேகஸ் போனாசஸ். ஃபாப்ரிசியுஸின் பெயரையும் 1775-ஐயும் அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். முதலில் வைத்த பேரினத்திலிருந்து வண்டு குடிபெயர்ந்துவிட்டது என்பதற்கு அந்த அடைப்புக்குறிதான் சாட்சி. வீடு மாறியது, பெயர் மாறவில்லை.

கயல் இதையெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள். எட்டரைக்கு மின்சாரம் வந்தது. வண்டைக் கோயில் புல்வெளியில் விட்டுவிட்டு வந்து, ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 30: கோயம்புத்தூர்

ரயிலில் பாதி வழி தூங்கிப்போனேன். கரூருக்கு மேல் எதிர் இருக்கைப் பெண்மணி முறுக்கு கொடுத்தார். கயல் தன் நோட்டைக் காட்ட, அவர் ஈரோடு வரும் வரை வண்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018-ல் திறக்கப்பட்டது. பார்க்க வேண்டும் என்று பல நாள் ஆசை. வரிசை வரிசையாகப் பூச்சிகள். கயல் கவனித்த முதல் விஷயம், வண்டுகளுக்கெல்லாம் ஊசி நடுவில் குத்தப்படவில்லை, வலப்பக்கச் சிறகுறையில் குத்தப்பட்டிருக்கிறது என்பது. உலகம் முழுவதும் அதுதான் வழக்கம். நடுக்கோட்டில் குத்தினால் இரண்டு சிறகுறைகளும் பிரிந்துகொள்ளும், உடம்பின் அடியில் உள்ள அடையாளங்களும் சிதையும். வலப்பக்கம் கெட்டாலும் இடப்பக்கம் முழுதாக இருக்கும்.

ஸ்காரப் குடும்பத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. காண்டாமிருக வண்டின் பக்கத்தில் பூ வண்டுகள் மரகதம்போல மின்னின. என் வைக்கோல் நிறத்துக்காரனை இவற்றோடு வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எல்லாவற்றின் உணர்கொம்பு நுனியிலும் அந்த ஏடுகள்! அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஊரில் எந்த வண்டைக் கண்டாலும் இது நம் வீட்டு ஆளா, பக்கத்து வீடா என்று சொல்லிவிடலாம்.

கயல் ஒரு பெட்டியின் முன்னால் நீண்ட நேரம் நின்றாள். "நாம் அதைக் குத்தாமல் விட்டது சரிதானே அத்தை?" என்றாள். சரிதான் என்றேன். கோனிக் போன்றவர்கள் குத்தி வைத்திருக்காவிட்டால் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருந்திருக்காது என்பதையும் சொன்னேன். இரண்டும் உண்மை. அவள் பதில் சொல்லவில்லை.

இரவு அரிசிம்பருப்பு சாதம், நெய் ஊற்றி, 80 ரூபாய். டெல்டாக்காரர்களுக்குப் புது ருசி. கயல் இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள்.

அக்டோபர் 1: ஊட்டி, மசினகுடி

நாளை காந்தி ஜெயந்தி என்பதைக் கணக்கில் எடுக்காமல் கிளம்பியது என் தவறு. மேட்டுப்பாளையத்துக்கு மேல் வண்டிகள் ஊர்ந்தன. ஊட்டி போய்ச் சேர மதியம் இரண்டு ஆகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு தோசையும் இரண்டு டீயும் 290 ரூபாய். குளிர், சாரல், நெருக்கடி. அங்கே நிற்கவே மனமில்லை. மூன்றரை மணிக்கு மசினகுடி பஸ்ஸில் நின்றபடி கல்லட்டி வழியாக இறங்கினோம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். பதினைந்தாவது வளைவில் கயலுக்கு வயிறு புரட்டியது. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எழுந்து ஜன்னல் இடத்தைக் கொடுத்து, மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். இறங்க இறங்கக் குளிர் குறைந்து, தேயிலை மறைந்து, முள்மரக் காடு வந்தது. வேறு ஊர், வேறு வானம்.

தங்கிய வீட்டில் அறை 1,500 ரூபாய். விடுமுறை நாளுக்கு இது நியாயம். வீட்டுக்கார அண்ணன் முப்பது மாடு வைத்திருக்கிறார். எங்கள் நோக்கத்தைச் சொன்னதும் பட்டிக்கு அழைத்துப் போனார். காட்டுக்குள் நுழைந்து எதையும் கிளறவோ எடுக்கவோ அனுமதி கிடையாது. பட்டி ஊருக்குள் இருந்ததால் எங்களுக்குத் தடை இல்லை.

பட்டியின் ஓரத்தில் சாணம் மலைபோலக் குவிந்திருந்தது. லாரி வந்து எடுத்துப்போகுமாம், காப்பித் தோட்டங்களுக்கு. "பாலைவிடச் சாணத்தில்தான் வீட்டுக்குப் பணம் வருகிறது" என்றார் அண்ணன். தரங்கம்பாடியில் வறட்டி, இங்கே லாரி. சாணம் யாருக்கும் வீண் பொருள் இல்லை. ஆனால் அள்ளிக்கொண்டு போவதில் வண்டுகளின் பங்கும் போய்விடுகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

சாணத்தை அள்ள ஆளும் இல்லாமல், தின்ன வண்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா அனுபவித்திருக்கிறது. 1788-ல் ஆங்கிலேயர்கள் அங்கே மாடுகளைக் கொண்டு இறங்கினார்கள். உள்ளூர் வண்டுகளுக்குக் கங்காருவின் காய்ந்த புழுக்கைதான் பழக்கம், மாட்டின் ஈரச் சாணத்தை அவை பெரிதாகத் தொடவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் சாணம் காய்ந்து கிடந்தது, ஈ பெருகியது. போர்னமிசா என்ற ஹங்கேரியில் பிறந்த பூச்சியியலாளர் அதற்கு வழி சொல்லி, வெளிநாட்டுச் சாண வண்டுகளைக் கொண்டுவரும் திட்டத்தை முன்னின்று நடத்தினார். 1968-ல் முதலில் விடப்பட்ட வண்டுகளில் கசெல்லா இருந்தது. நம் போனாசஸின் ஒட்டிய உறவு, அதே பேரினம், அதே கொம்பு. கசெல்லா என்ற ஒரே பெயருக்குள் ஆப்பிரிக்காவில் பல இனங்கள் கலந்து கிடந்தன என்று 2017-ல்தான் பிரித்துக் காட்டினார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் புழங்கிய பெயருக்கே இந்த நிலை என்றால், நம் பட்டியில் இன்னும் என்னென்ன பிரிக்கப்படாமல் இருக்குமோ!

அந்தி சாயும் முன் பட்டிக்கு வெளியே இன்னொரு காட்சி கிடைத்தது. மிளகு அளவே உள்ள கறுப்பு வண்டுகள் இரண்டு, பின்னங்கால்கள் மட்டும் சிலந்திக்குப்போல நீண்டவை, கடலைப்பருப்பு அளவு உருண்டையை உருட்டிக்கொண்டு போயின. சிசிஃபஸ் பேரினம். மலைமேல் பாறையை ஓயாமல் உருட்டும்படி சபிக்கப்பட்ட கிரேக்க அரசனின் பெயர். இரண்டும் ஒரு சுள்ளியில் முட்டிக்கொண்டு, சுற்றி வந்து, மறுபடி முட்டின. கயல் சுள்ளியை எடுக்கக் கை நீட்டினாள், பிறகு தானே இழுத்துக்கொண்டாள். நான்கு நிமிடத்தில் அவை தாண்டிவிட்டன.

இரவு ராகிக் களியும் அவரைக் குழம்பும். படுக்கப் போகும்போது என் கணுக்காலில் மூன்று உண்ணிகள். வீட்டுக்கார அக்கா சாமணத்தால் ஒவ்வொன்றாகத் தோலை ஒட்டிப் பிடித்து எடுத்துவிட்டார். இங்கே புல்லில் நடப்பவர்கள் நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அரிப்பு இந்த வரியை எழுதும்போதும் இருக்கிறது.

அக்டோபர் 2: மசினகுடி

விடியற்காலை மூடுபனி. ஐந்தரைக்கு அண்ணனோடு பட்டிக்குப் போனோம். இரவு போட்ட சாணத்தின் பக்கத்தில் புதிதாகக் குவிந்த மண்மேடுகள் தெரிந்தன, எறும்புப் புற்றைவிடப் பெரியவை. அடியில் வண்டு சுரங்கம் தோண்டுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அண்ணன் ஒரு சாணத்தைக் கரண்டியால் மெல்லப் புரட்டினார். வைக்கோல் நிறம், ஏழெட்டு! தரங்கம்பாடியில் ஒன்றுக்காகத் தவம் கிடந்தவர்களுக்கு இங்கே ஒரு கைப்பிடி.

கயல் ஒன்றை எடுத்து விரல்களை மூடினாள். "அத்தை, விரலை நெம்புகிறது!" என்றாள். முன்னங்காலின் பற்களாலும் நெற்றித் தகட்டாலும் அது விரலிடுக்கைத் திறந்து வெளியே வந்தது. இதன் உறவான டாரஸ், தன் எடையைப் போல 1,141 மடங்கை இழுத்தது என்று 2010-ல் ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த எண் ஆச்சரியமாக இருக்காது.

அந்தக் கைப்பிடியில் மூன்று வகை இருந்ததாக முதலில் நினைத்தோம். நீண்ட கொம்பு உள்ளவை இரண்டு. கொம்பே இல்லாமல், தலையில் குறுக்கே இரண்டு வரப்புகள் மட்டும் உள்ளவை நான்கு. மிகச் சிறியதாக, தலையில் இரண்டு மொட்டு மட்டும் உள்ளது ஒன்று. வரப்பு வைத்தவை பெண்கள். மொட்டு வைத்ததை வேறு இனம் என்றாள் கயல், குஞ்சு என்றார் அண்ணன். இரண்டும் இல்லை, அதுவும் ஆண்தான். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பிறகு வண்டு வளர்வதே இல்லை. தாய் சுரங்கத்துக்குள் உருட்டி வைத்த சாணம் எவ்வளவோ, புழுவின் வளர்ச்சி அவ்வளவு. சோறு நிறையக் கிடைத்த ஆணுக்கு முழுக் கொம்பு, குறைவாகக் கிடைத்தவனுக்கு மொட்டு. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் டக்ளஸ் எம்லன் இன்னொரு ஆன்தோஃபேகஸ் இனத்தை வைத்து 1990-களில் இதை அழகாகக் காட்டினார். கொம்பு உள்ளவன் பெண்ணின் சுரங்க வாசலில் காவல் நிற்பான், வருகிறவனோடு முட்டுவான். கொம்பில்லாதவன் பக்கத்தில் வேறு சுரங்கம் தோண்டி, காவல்காரனுக்குத் தெரியாமல் உள்ளே போய்ப் பெண்ணைச் சேர்வான்.

இதைக் கேட்டு அண்ணன் அந்தச் சிறியவனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அப்படியானால் இவன் அம்மாவுக்கு அந்த வருஷம் சாணம் சரியாகக் கிடைக்கவில்லை" என்றார். ஆமாம் என்றேன்.

மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பாரா என்று கேட்டேன். ஊசி போடுவதுண்டு என்றார். ஐவர்மெக்டின் வகை மருந்துகள் சாணத்தோடு வெளியேறி, அதில் வளரும் வண்டுப் புழுக்களைக் கொல்லக்கூடும். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் பிழைப்பு மாட்டில் இருக்கிறது. ஊசி போட்ட மாடுகளை ஒரு வாரமாவது தனியாகக் கட்டி, அந்தச் சாணத்தை ஒதுக்கினால் கொஞ்சம் உதவும் என்றேன். மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

தெப்பக்காடு யானை முகாமுக்குப் போகும் வழியில், சாலையோரம் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. வண்டியிலிருந்து இறங்காமலே பார்த்தோம். ஒரு யானை நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு கிலோ போடும். அதை நம்பி வாழ்கிற ஹீலியோகோப்ரிஸ் டாமினஸ் நம் நாட்டுச் சாண வண்டுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அது மண்ணுக்குள் செய்து வைக்கும் உருண்டைகளைத் தோண்டி எடுத்தவர்கள் பழங்காலக் கல் பீரங்கிக் குண்டுகள் என்று நினைத்ததுண்டு. டேன்ஸ்பர்க் கோட்டையில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், இங்கே வந்துதான் நினைவு வந்தது.

பத்து மணி பஸ்ஸுக்கு முன்னால் பட்டிக்குத் திரும்பி, டப்பாவில் ஈரமண்ணில் வைத்திருந்த வண்டுகளை விட்டோம். பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சாணத்துக்குள் போனார்கள். கடைசியாகக் கயல் அந்த மொட்டுக் கொம்பனை ஓரத்தில் வைத்து எண்ண ஆரம்பித்தாள். நெற்றியைச் சாய்த்தான், முன்னங்காலால் கிழித்தான், உடம்பு பாதி மறைந்தது, வைக்கோல் நிறச் சிறகுறையின் நுனி மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தது. முப்பத்தெட்டில் அதுவும் போய்விட்டது.

லாரி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் கூடையோடு இறங்கி வரிசையாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் வந்தபோது அண்ணன் கையைக் காட்டி, "அந்த ஒன்றை விட்டுவிடுங்கள்" என்றார்.